"பார்த்தேன் சார், ரோடு காலியா இருந்துச்சு"

(பாதுகாப்பான வாகனமோட்டும் பழக்கங்கள் பற்றிய தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் வாகனமோட்டும் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர் சட்டம், சம்மன், அபராதம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிவிட்டார். எனக்கு வேலை குறைந்தது. நான் சட்டம் படித்தவன் அல்லன். 'எல்' பலகை மாட்டிய காரில் இடது பக்க இருக்கையில் இருபத்தாறு ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறவன். என் காலடியில் ஒரு கூடுதல் பிரேக் உண்டு. அதை எத்தனை முறை மிதித்திருப்பேன் என்று கேட்டால் கணக்குச் சொல்ல முடியாது. என் தலைமுடி ஏன் இப்படி வெளுத்தது என்று கேட்பவர்களுக்கும் அதுதான் பதில்.

இன்று ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. பேராவில் ஒரு சிறிய பட்டணம். பையனுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. இரவு ஷிப்ட்டும் உண்டு. அம்மாதான் அழைத்து வந்தார். "சார், ஒரு மாசத்துல லைசன் வேணும். பாஸ் பண்ணினா போதும் சார். மத்ததெல்லாம் காடி ஓட்ட ஓட்ட பழகிக்குவான்" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் ஆயிரம் தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் தலையை ஆட்டிவிடுவேன். பயிற்றுநர்கள் பலரும் ஆட்டுவார்கள். பெற்றோருக்கு அவசரம், பிள்ளைக்கு அவசரம், எங்களுக்கும் அடுத்த மாணவர் காத்திருப்பார்.

அந்தப் பையனுக்கு நான் என்ன கற்றுக் கொடுத்தேன் தெரியுமா? மேட்டில் காரை நிறுத்தும்போது எந்தக் கம்பம் கண்ணாடியில் எங்கே தெரிய வேண்டும். பக்கவாட்டில் நிறுத்தும்போது பின்னால் உள்ள கம்பு சன்னல் மூலைக்கு வந்ததும் ஸ்டேரிங்கை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும். மூன்று முறை திருப்பும் இடத்தில் கோட்டை எப்படித் தொடாமல் இருப்பது. இவைதாம். கெட்டிக்காரப் பையன். முதல் தடவையிலேயே தேறிவிட்டான். அம்மா ஒரு தட்டில் பழமும் பலகாரமும் கொண்டுவந்து கொடுத்தார். நானும் பெருமையாக வாங்கிக் கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் தொலைபேசி வந்தது. தாமான் சாலையிலிருந்து பெரிய சாலைக்குள் வலது பக்கம் திரும்பியிருக்கிறான். வலப்புறமிருந்து வந்த மோட்டார் சைக்கிள் காரின் முன்பக்கத்தில் மோதிவிட்டது. ஓட்டி வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் கொண்டிருந்தவர். கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

பையன் என்னிடம் சொன்னது இதுதான்: "நான் பார்த்தேன் சார். சத்தியமா பார்த்தேன். ரோடு காலியா இருந்துச்சு."

பொய் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தச் சந்திப்புக்கு நானே என் காரை ஓட்டிக் கொண்டு போனேன். இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, அவன் பொய் சொல்லவில்லை.

உங்கள் காரில் முன் கண்ணாடிக்கும் ஓட்டுநர் பக்கத்துச் சன்னலுக்கும் நடுவே ஒரு தூண் இருக்கிறது. கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவது அதுதான். அதனால் இக்காலக் கார்களில் அது தடிப்பாகவே இருக்கிறது. உள்ளே காற்றுப்பையும் வைக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றும் அதே தூண் ஒரு மோட்டார் சைக்கிளையும் அதை ஓட்டி வருகிறவரையும் முழுதாக மறைத்துவிடும். நம்பாதவர்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, மகனையோ மகளையோ சற்றுத் தூரத்தில் சைக்கிளோடு நடக்கச் சொல்லிப் பாருங்கள். ஓர் இடத்தில் ஆள் காணாமல் போவார். நீங்கள் மெதுவாக நகர, மோட்டார் சைக்கிளும் அதற்கு ஏற்ற வேகத்தில் வந்தால், பல விநாடிகள் அது தூணுக்குப் பின்னாலேயே ஒளிந்து வரும். கடைசியில் பம்பருக்கு முன்னால்தான் கண்ணில் படும்.

இதற்கு மருந்து மிகவும் எளிது. சந்திப்பில் நிற்கும்போது தலையை மட்டும் திருப்பினால் போதாது. உடம்பை முன்னால் சாய்த்து ஒரு முறை, பின்னால் சாய்த்து ஒரு முறை பார்க்க வேண்டும். தூணுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தெரியும். அதோடு, தலையை வேகமாக ஓட்டிப் பார்க்கக் கூடாது. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது நடுவில் உள்ளதை மூளை பதிவு செய்வதில்லை. ஆகவே தூரத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம், பக்கத்தில் ஓரிடம் என்று பார்வையை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். வலது, இடது, மறுபடியும் வலது.

மொத்தம் மூன்று விநாடி வேலை. இதை நான் அந்தப் பையனுக்குச் சொல்லித் தரவில்லை. தேர்வில் கேட்க மாட்டார்கள் என்பதால் சொல்லவில்லை.

பையனை அழைத்துக் கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். படுக்கைப் பக்கத்தில் அந்த மனிதரின் மனைவி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தையும் சொல்லாமல் நாற்காலியை எங்கள் பக்கம் நகர்த்திப் போட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவர் கணவர்தான் பேசினார். "தம்பி, நீ என்னைப் பாக்கவே இல்லையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்து கொள்ளக் கேட்டார். பையன் அழுதுவிட்டான். அவர் மாதக் கணக்கில் வேலைக்குப் போக முடியவில்லை. அந்த வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

அன்பர்களே, நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 7,152 பேர் மாண்டார்கள். 2020, 2021இல் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்ததால் எண்ணிக்கை இறங்கியது. 2022இல் மீண்டும் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. மாண்டவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதாவது தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போகிற நம் அண்ணன் தம்பிகள், காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடுகிற அப்பாக்கள், சாப்பாடு கொண்டு வந்து கொடுக்கிற இளைஞர்கள்.

மோட்டார் சைக்கிள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. பகலிலும் அதன் முன்விளக்கு எரிய வேண்டும் என்று 1992இல் நம் நாட்டில் விதி கொண்டு வந்தார்கள். அதன் பலனைப் பேராசிரியர் ராடின் உமார் ஆராய்ந்தார். கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்தன என்று அவர் கண்டார். வெறும் ஒரு விளக்கு! இன்றைக்குச் சில இளைஞர்கள் அழகுக்காக அந்த விளக்கின் மேல் கறுப்புத் தாள் ஒட்டுகிறார்கள். கறுப்புச் சட்டை, கறுப்புத் தலைக்கவசம், கறுப்பு மோட்டார், மாலை ஏழு மணி. இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டுக் கொண்டு ஓட்டுவது. காற்று நெஞ்சில் படக்கூடாதாம். அது இருக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தலைக்கவசத்தின் வாரைத் தாடைக்குக் கீழே பூட்டாமல் தொங்கவிடுகிறார்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை. 1973 முதல் தலைக்கவசம் கட்டாயம். வாரைப் பூட்டாத தலைக்கவசம் விழும்போது தலையை விட்டு முதலில் பறந்துவிடும். போலீஸுக்காகப் போடுகிறவர் வாரைப் பூட்டுவதில்லை. தன் தலைக்காகப் போடுகிறவர் பூட்டுவார்.

வாகனமோட்டும் கல்விக்கு வருகிறேன். நம் நாட்டில் காருக்குப் பதினேழு வயதில் பயிற்சி உரிமம் எடுக்கலாம். முதலில் வகுப்பு, பிறகு கணினித் தேர்வு. 50 கேள்விகளில் 42 சரியாக இருக்க வேண்டும். மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? கேள்வி பதிலை மனப்பாடம் செய்கிறார்கள். கேள்வியைப் படிப்பதற்கு முன்பே விடையைத் தொடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் சாலையில் சுற்றுவட்டத்துக்குள் நுழையும்போது யாருக்கு வழிவிட வேண்டும் என்று கேட்டால் முழிக்கிறார்கள். வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு, ஐயா.

காசு கொடுத்து வாங்கும் உரிமத்தைக் 'கோப்பி லைசன்' என்று கேலி செய்கிறோம். அது குற்றம், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. என் கவலை வேறு. ஒரு காசும் கொடுக்காமல், நேர்மையாகத் தேர்வு எழுதி, நேர்மையாக ஓட்டிக் காட்டித் தேறி, அப்போதும் ஓட்டத் தெரியாமல் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான். தேர்வு பகலில் நடக்கிறது. பழகிய பாதையில் நடக்கிறது. பக்கத்தில் அதிகாரி இருக்கிறார். ஆனால் பிள்ளை முதன்முதலாக இரவில் ஓட்டுவது எப்போது? கொட்டுகிற மழையில் ஓட்டுவது எப்போது? விரைவு நெடுஞ்சாலையில் இரண்டு லாரிகளுக்கு நடுவே நுழைவது எப்போது? பெரும்பாலும் தனியாக இருக்கும்போது, அல்லது நண்பர்கள் நான்கு பேர் பாட்டுப் போட்டுக் கொண்டு உட்கார்ந்திருக்கும்போது.

அதனால் பெற்றோர்களிடம் கேட்டுக் கொள்கிறேன். 'பி' ஒட்டியிருக்கும் அந்த இரண்டு ஆண்டுகளில், முதல் சில மாதங்களாவது பக்கத்தில் உட்காருங்கள். இரவில் ஒரு நாள், மழையில் ஒரு நாள், நெடுஞ்சாலையில் ஒரு நாள். கத்தாமல் உட்கார வேண்டும், அது முக்கியம். அப்பா கத்தினால் பிள்ளை சாலையைப் பார்க்காது, அப்பா முகத்தைத்தான் பார்க்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளை ஓட்டக் கற்பது பதினேழு வயதில் அல்ல. ஐந்து வயதில் பின்னிருக்கையில் உட்கார்ந்தபோதே பாடம் தொடங்கிவிட்டது. ஒரு பெண் பிள்ளை என்னிடம் வந்தாள், முதல் நாளே ஒற்றைக் கையால் ஸ்டேரிங் பிடித்தாள். ஏம்மா என்றேன். "அப்பா அப்படித்தான் சார் ஓட்டுவாரு" என்றாள். அவசரத் தடத்தில் முந்திப் போகும் அப்பா, சிவப்பு விளக்கில் ஆள் இல்லையென்று போய்விடும் அம்மா, இவர்களெல்லாம் சம்பளம் வாங்காத பயிற்றுநர்கள். அவர்கள் பல ஆண்டுகள் கற்றுக் கொடுத்ததை நான் சில மணி நேரத்தில் எப்படி மாற்றுவது?

சில கணக்குகளைச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், எளிய கணக்குத்தான். 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் சுமார் 30 மீட்டர் ஓடுகிறது. கைப்பேசியில் வந்த செய்தியை நான்கு விநாடி பார்த்தால், 120 மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம். ஒரு பந்துத் திடலை விட நீளம். முன்னால் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி வேண்டும். அவர் ஒரு கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கம்பத்தைத் தாண்டினால், மிகவும் ஒட்டிப் போகிறீர்கள். மழையில் நான்கு விநாடி. அப்படி இடைவெளி விட்டால் இன்னொருவர் நடுவில் நுழைந்துவிடுவாரே என்பார்கள். நுழையட்டும். மறுபடியும் கொஞ்சம் பின்வாங்குங்கள். ஈப்போ போய்ச் சேரும்போது அவருக்கும் உங்களுக்கும் சில நிமிட வித்தியாசம்தான் இருக்கும்.

ஈப்போ என்றதும் இன்னொரு கணக்கு. கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். 110இல் போவதற்குப் பதில் 130இல் போனால் மிச்சமாவது சுமார் 17 நிமிடம். வழியில் ஒரு தே தாரிக் குடித்தால் அது போய்விடும்.

மழை பெய்யத் தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தாம் மிகவும் வழுக்கும். சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் நீரோடு கலக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் நம்மவர்கள் செய்யும் காரியம் நான்கு பக்க விளக்கையும் சிமிட்ட விட்டு ஓட்டுவது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள். அந்த விளக்கு நின்றுவிட்ட வாகனத்துக்கு உரியது. ஓடும்போது போட்டால், நீங்கள் இடது பக்கம் திரும்புகிறீர்களா, தடம் மாறுகிறீர்களா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. முன்விளக்கைப் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், போதும். டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் எந்த விளக்கும் காப்பாற்றாது.

தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது தூக்கம்தான் பெரிய எதிரி. வேலை முடிந்து, சாமான் ஏற்றி, இரவு பதினொரு மணிக்குக் கிளம்புவோம். தூக்கம் வந்தால் சன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் பயன் தராது. காப்பி குடித்தாலும் அது வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். ஓய்விடத்தில் நிறுத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு, இருபது நிமிடம் தூங்குவதுதான் வழி. வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் பலமுறை தூங்கியிருக்கிறேன்.

பாட்டிமார்கள் மன்னிக்க வேண்டும், உங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. "என் மடியை விடவா அந்த நாற்காலி பெரிசு?" என்று குழந்தையை மடியில் வைத்துக் கொள்கிறீர்கள். பாசத்தில் குறையில்லை. ஆனால் 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பத்துக் கிலோ குழந்தை நூறு கிலோவுக்கு மேற்பட்ட சுமைபோல் முன்னால் பாயும். எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. 2020 ஜனவரி முதல் குழந்தை இருக்கை கட்டாயம். பின்னிருக்கைப் பெரியவர்களுக்கு இடைவார் 2009 ஜனவரியிலிருந்தே கட்டாயம். பின்னால் உட்கார்ந்து வார் போடாதவர், மோதும்போது முன்னால் இருப்பவர் மேல்தான் விழுகிறார்.

பேருந்துக்கும் அதே கதைதான். 2013 ஆகஸ்டில் கெந்திங் மலைச்சாலையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள். 2025 ஜூனில் கெரிக் அருகே பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேரை இழந்தோம். அதற்கு அடுத்த மாதமே, இடைவார் பொருத்தப்பட்ட விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் பயணிகள் அதை அணிவது கட்டாயமானது. உங்கள் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் பேருந்து ஏறும்போது "சாப்பிட்டியா" என்று கேட்பதோடு "வார் போட்டியா" என்றும் கேளுங்கள்.

இடைவேளையில் ஓர் அம்மா என்னிடம் வந்து கேட்டார்: "லைசன் எடுத்துப் பன்னிரண்டு வருசம் ஆச்சு, பயத்துல காடியத் தொடவே இல்ல, இனிமே ஓட்டலாமா?" தாராளமாக ஓட்டலாம் அம்மா. பயம் இருக்கிறவர் கண்ணாடியைப் பார்ப்பார். உரிமம் உள்ளவர் திரும்பவும் பயிற்சிக்கு வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சில மணி நேரம் கேட்டு எடுத்துக் கொள்ளுங்கள். பாஸ் பண்ண வேண்டிய நெருக்கடி இல்லாததால், அப்படி வருகிறவர்கள்தாம் நன்றாகக் கற்றுக் கொள்கிறார்கள்.

அந்த விபத்துக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக் கொண்டேன். முதல் நாள் காரை நகர்த்தவே மாட்டேன். மாணவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு நான் வெளியே இறங்கி, காரைச் சுற்றி நடப்பேன். நான் எங்கே மறைகிறேன் என்று அவர் சொல்ல வேண்டும். சில பெற்றோருக்கு இது பிடிப்பதில்லை. "காசு கொடுத்தோம், காடி ஓடவே இல்லையே" என்று ஒருவர் வேறு பயிற்றுநரிடம் மகனை மாற்றிவிட்டார். போகட்டும்.

பையனைப் பற்றி நெறியாளர் கேட்கிறார். நன்றாக இருக்கிறான். அந்த மனிதர் வேலைக்குத் திரும்பும் வரையில், சம்பள நாளில் அவர் வீட்டுக்குப் போய்க் கொண்டிருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் அவன் சொல்லவில்லை. சென்ற ஆண்டு தன் தங்கையை என்னிடம் பயிற்சிக்கு அழைத்து வந்தான். முதல் முறை சாலைக்கு வந்தபோது தானும் பின்னால் உட்கார்ந்து கொள்ளட்டுமா என்று கேட்டான். சரி என்றேன். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. தாமான் முனையில் தங்கை காரை நிறுத்தினாள். நான் உள் கண்ணாடியில் பார்த்தேன். பின்னிருக்கையில் அவன் உடம்பை முன்னால் சாய்த்து ஒரு முறை, பின்னால் சாய்த்து ஒரு முறை, வலது பக்கத்தைப் பார்த்துக் கொண்டிருந்தான்.